பூஸ்டர், டிஷ்ஷு, பெட்டி - கொங்குநாட்டு டி.வி. சொற்களின் கதை

ஒரு தொழில் ஊருக்குள்ள வந்து எத்தனை வருசம் ஆச்சுன்னு தெரியணுமா? அந்தத் தொழிலோட சொற்கள் எத்தனை செத்துப் போயிருக்குன்னு எண்ணிப் பாத்தாப் போதும். டி.வி.யை எடுத்துக்குங்க. 'பூஸ்டர்'னு சொன்னா இன்னைக்குப் பசங்களுக்குத் தடுப்பூசிதான் ஞாபகம் வரும். 'டெக்கு'ன்னா என்னன்னு கேப்பாங்க. 'புள்ளி அடிக்குது'ன்னா கொசு கடிச்சிருச்சான்னு பாப்பாங்க. நாப்பது வருசத்துல ஒரு அகராதியே எழுதி அழிச்சாச்சு.

அந்த அகராதியைக் கொஞ்சம் புரட்டலாம்னுதான் இந்தப் பதிவு. சும்மா பழைய ஞாபகம் பேசறதுக்கு இல்லீங்க. இந்தச் சொற்களை வரிசையா அடுக்கிப் பாத்தா, நம்ம வீட்டுல தெரியற படத்தோட பிடி யார் கையில இருந்து யார் கைக்குப் போச்சுங்கற கதை தானா வெளிய வருது.

ஒளிபரப்பு - வீசி விதைச்ச காலம்

மொதல்ல தாய்ச்சொல். இங்கிலீஷ்ல 'பிராட்காஸ்ட்'ங்கறது ஆதியில விவசாயச் சொல். கை நிறைய விதையை அள்ளி நாலாப்பக்கமும் வீசறதுக்குத்தான் அந்தப் பேர். 1920கள்ல ரேடியோக்காரங்க அதைக் கடன் வாங்கிக்கிட்டாங்க. எள்ளு, தட்டுக்குச் சோளம் விதைக்கறப்ப எங்க பக்கம் வீசித்தான் விதைப்பாங்க. எந்த விதை எந்த மண்ணுல விழும்னு விதைக்கறவருக்குக் கணக்கு கிடையாது. விழுந்த எடம் நல்லா இருந்தா மொளைக்கும், அவ்வளவுதான். தமிழ்ல 'பரப்பு'ன்னு வச்சவரு ரொம்பச் சரியாத்தான் வச்சிருக்காரு. ரேடியோவுக்கு ஒலிபரப்பு, டி.வி.க்கு ஒளிபரப்பு. ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ரெண்டையும் சேத்துத்தான் வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' ஆச்சு.

தில்லியில சோதனை ஒளிபரப்பு தொடங்கினது 1959 செப்டம்பர் 15. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. அதே 1975 ஆகஸ்ட்லதான் நாசாவோட ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி 'சைட்' சோதனை நடந்துச்சு. 6 மாநிலம், 2400 கிராமம், நேரா வானத்துல இருந்து படம். அந்த ஆறுல தமிழ்நாடு இல்ல. ஆனா கொழும்புல ஆர்தர் சி. கிளார்க் வீட்டுக்கு இந்திய விண்வெளிப் பொறியாளர்கள் போயி ஒரு டிஷ் மாட்டிக் குடுத்தாங்க. பின்ன, செயற்கைக்கோளைப் பூமத்திய ரேகைக்கு மேல 36,000 கி.மீ. ஒசரத்துல நிறுத்தி ஒலகம் பூராவும் சேதி அனுப்பலாம்னு 1945-லயே எழுதினவர் ஆச்சே!

சரி, சென்னைக்கு டி.வி. வந்துருச்சு. கோயமுத்தூருக்கு ஏன் வரல? காரணம் ரொம்ப எளிசு. டி.வி. அலை நேர்கோட்டுல போகும், பூமி உருண்டை. 150 மீட்டர் கோபுரத்துல இருந்து அனுப்பினா சுமார் 50 கி.மீ.யோட அடிவானம் முடிஞ்சுரும். சென்னைக்கும் கோவைக்கும் காக்கா பறக்கற தூரமே 400 கி.மீ.க்கு மேல. அதனால எங்காளுகளுக்கு ரொம்ப நாளைக்கு டி.வி.ங்கறது மெட்ராஸ் போயிட்டு வந்தவங்க சொல்ற கதையாவே இருந்துச்சு.

எல்.பி.டி.யும் கொடைக்கானலும்

1982 ஏசியாட்தான் திருப்பம். கலர் வந்துச்சு. தேசிய நிகழ்ச்சி வந்துச்சு. ஏப்ரல்ல மேல போன இன்சாட்-1ஏ செப்டம்பர்லயே படுத்துருச்சு. 1983 ஆகஸ்ட்ல சேலஞ்சர் விண்ணோடம் கொண்டு போன இன்சாட்-1பி தான் கை குடுத்துச்சு. அந்தச் செயற்கைக்கோளை நம்பி 1984-ல நாடு பூராவும் மடமடன்னு சின்னச் சின்ன நிலையம் கட்டினாங்க. நாளைக்கு ஒண்ணுங்கற வேகத்துல மாசக்கணக்கா நடந்துச்சு. அதுக்குப் பேருதான் எல்.பி.டி., அதாவது குறைஞ்ச சக்தி டிரான்ஸ்மிட்டர். பொதுவா 100 வாட். ஒரு குண்டு பல்பு சக்தி! அதை வச்சு 15, 20 கி.மீ. சுத்துவட்டாரத்துக்குப் படம் காட்டினாங்க.

எல்.பி.டி.யில ஒரு சங்கடம். செயற்கைக்கோள்ல வர்றதைத்தான் அது வாங்கித் திருப்பி விடும். அதுல வந்தது தில்லி நிகழ்ச்சி. தமிழ் நிகழ்ச்சி சென்னையில இருந்து தரை வழியா மைக்ரோவேவ் இணைப்புல வரணும். இணைப்பு இல்லாத ஊருக்கு இந்தி தான் கதி. 'கிருஷி தர்ஷன்' பாத்து இந்தி கத்துக்கிட்ட கவுண்டர் யாராச்சும் இருக்காங்களான்னு தெரியல :-)

அங்கதான் கொடைக்கானல் வருது. 80-கள்ல மலை மேல பெரிய டிரான்ஸ்மிட்டர் நின்னுச்சு. ஒசரம் 2000 மீட்டருக்கு மேல. அந்த ஒசரத்துல இருந்து ரேடியோ அடிவானம் சுமார் 180 கி.மீ. தள்ளிப் போகுது. கொடைக்கானல்ல இருந்து நேர்கோட்டுல கோவை 100 கி.மீ. சுமாரு, ஈரோடு 125 சுமாரு. நடுவுல வேற மலை மறைக்காத ஊருக்கெல்லாம் எட்டும். கோபுரத்தை நாம கட்ட வேண்டியதே இல்ல, பழனி மலையே கட்டி வச்சிருச்சு.

அதனால அந்தக் காலத்துல எங்க பக்கம் ஓட்டு வீட்டு மேல இருந்த ஆன்டெனா அத்தனையும் பழனி முருகனைக் கும்புடற மாதிரி ஒரே திசையைப் பாத்து நிக்கும். கூரை மேல அப்பா, வாசல்ல பையன், உள்ள அம்மா.

"வந்துருச்சாடா?"

"இல்லீங்ப்பா... இன்னும் கொஞ்சம் பழனிப் பக்கம் திருப்புங்கோ!"

"இப்ப?"

"வந்துச்சுங்... ஐயோ போயிருச்சுங்ப்பா!"

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. தாராபுரத்துல இருந்து கோபி வரைக்கும் எல்லா வீட்டுலயும் நடந்துருக்கும்.

குச்சி, பூஸ்டர், புள்ளி, நிழல்

கூரை மேல நின்ன அந்தச் சாமானுக்கு முழுப்பேர் யாகி-உடா ஆன்டெனா. 1926-ல ஜப்பான்ல ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகிங்கற ரெண்டு பேர் கண்டுபிடிச்சது. உழைப்பு பெரும்பாலும் உடாவோடது, பேர் என்னமோ யாகிக்குப் போயிருச்சு. (எல்லா ஆபீஸ்லயும் நடக்கறதுதானே!) பின்னால நீளமா ஒரு குச்சி, அலையைத் திருப்பி அடிக்க. நடுவுல மடிச்ச குச்சி, அலையைப் பிடிக்க. முன்னால வரிசையாக் கட்டைக் குச்சிங்க, வழிகாட்ட.

குச்சி நீளம் சும்மா வச்சது இல்ல. அலைநீளத்துல பாதி. 2 முதல் 4 வரைக்கும் உள்ள சேனலுக்கு (47-68 மெகாஹெர்ட்ஸ்) ரெண்டரை மீட்டர் கிட்ட வரும். 5 முதல் 12 வரைக்கும் உள்ள சேனலுக்கு (174-230 மெகாஹெர்ட்ஸ்) முக்கால் மீட்டர் போதும். விசயம் தெரிஞ்சவங்க ரோட்டுல போறப்பவே கூரையைப் பாத்து, இந்த வீட்டுல எந்த ஸ்டேசன் எடுக்கறாங்கன்னு சொல்லிருவாங்க.

'பூஸ்டர்'ங்கறது அலையைப் பெருக்கிக் குடுக்கற பெட்டி. அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அது நல்லதையும் பெருக்கும், இரைச்சலையும் பெருக்கும். கம்பத்து உச்சியில, ஆன்டெனாவுக்குப் பக்கத்துலயே மாட்டினா அலை பலவீனம் ஆகறதுக்கு முன்னாடியே தூக்கிக் குடுக்கும். கீழ டி.வி. பக்கத்துல வச்சா, ஒயர்ல வர்றப்பவே தேஞ்சு போன படத்தையும் சேந்து வந்த புள்ளியையும் ஒண்ணாப் பெருக்கும். இதைத் தெரியாம எத்தனை பேரு கடைக்காரரைத் திட்டிருக்காங்க!

அந்தப் 'புள்ளி'க்கும் ஒரு பெருமை உண்டு. சேனல் இல்லாத எடத்துல திரை பூரா கொதிக்குமே, அதுல ஒரு சின்னப் பங்கு பிரபஞ்சம் பொறந்தப்ப மிஞ்சின வெப்பத்தோட மிச்சம். 1965-ல பென்சியாஸும் வில்சனும் அதைக் கண்டுபிடிச்சு அறிவிச்சாங்க, பின்னால நோபல் பரிசும் வாங்கினாங்க. நாம அதைப் பாத்துட்டு டி.வி. தலையில ஒரு தட்டு தட்டினோம்.

'நிழல்'னு சொல்லுவாங்க, ஒரு ஆளுக்குப் பக்கத்துல இன்னொரு மங்கலான ஆள் நிப்பான். நேரா வந்த அலைக்குப் பின்னாடி, மலையில மோதித் திரும்பின அலை கொஞ்சம் தாமதமா வந்து சேர்றதுதான் காரணம். படத்துல ஒரு கோடு வரையற நேரம் 52 மைக்ரோ செகண்ட். 20 இஞ்ச் டி.வி.யில திரை அகலம் 40 செ.மீ. ஒன்றரை கி.மீ. சுத்தி வந்த அலை 5 மைக்ரோ செகண்ட் பிந்தும், நிழல் சுமார் 4 செ.மீ. தள்ளி விழும். அதாவது ஸ்கேலை வச்சு நிழலை அளந்தா அலை எவ்வளவு தூரம் சுத்திட்டு வந்திருக்குன்னு கணக்குப் போட்டுரலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருந்த ஒவ்வொரு வீடும் ஒரு சர்வே ஆபீஸ்.

இந்தக் காலகட்டத்தோட இன்னொரு செத்த சொல் 'லைசென்ஸ்'. 80-கள் நடுவுல ரத்தாகற வரைக்கும் வீட்டுல டி.வி. வச்சிருந்தா போஸ்டாபீஸ்ல வருசாவருசம் பணம் கட்டணும். அதைத் தவிர வேற யார் தயவும் வேண்டியதில்ல. குச்சி நம்மது, கம்பம் நம்மது, கூரை நம்மது. படம் வரலீன்னா ஏறித் திருப்பறதும் நாமதான்.

டெக்கு, டிஷ்ஷு - வாய்க்கால் காலம்

நடுவுல 'டெக்கு' ஒரு ஆட்டம் ஆடுச்சு. வி.சி.ஆரைத்தான் அப்படிச் சொல்லுவோம். சீரு, காதுகுத்துன்னா டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம். 1990-ல கலாநிதி மாறன் 'பூமாலை'ன்னு மாசாமாசம் ஒரு வீடியோ காசெட் பத்திரிகை கொண்டாந்தாரு. ஒளிபரப்பே இல்லாத டி.வி. நிகழ்ச்சி! அதோட அடுத்த படிதான் 1993 ஏப்ரல் 14-ல தொடங்கின சன் டி.வி. அதே 1993-ல தூர்தர்ஷனும் தமிழுக்குத் தனியாச் செயற்கைக்கோள் சேனல் தொடங்குச்சு. அதுக்கு 2000-ல 'பொதிகை'ன்னு பேர் வச்சு, 2024 ஜனவரியில 'டிடி தமிழ்'னு மாத்தினாங்க.

1991-ல ஏசியாசாட்-1 வழியா ஸ்டார் டி.வி. வந்ததுல இருந்தே பெரிய வலை டிஷ் மொளைக்க ஆரம்பிச்சாச்சு. மொட்டை மாடி முழுக்க அடைச்சுக்கும். ஒரு வீட்டுக்காரரால வாங்க முடியாது. டெக்கு வாடகைக்கு விட்டவர், ரேடியோ ரிப்பேர்க்காரர், மைக்செட்காரர்னு கொஞ்சம் துணிச்சலான ஆளு கடன் வாங்கி டிஷ் வச்சு, தெருவுக்கு ஒயர் இழுத்தாரு. 'கேபிள்காரர்'ங்கற புதுத் தொழில் பொறந்துச்சு.

இப்ப விதைப்பு முடிஞ்சு வாய்க்கால் பாசனம் வந்துருச்சுன்னு வச்சுக்குங்க. மேல் மடை 'ஹெட்எண்ட்'. டிஷ்ஷோட நடுவுல குந்தியிருக்கற எல்.என்.பி., 3.7-4.2 கிகாஹெர்ட்ஸ்ல வர்ற அலையை ஒயர்ல போற அளவுக்கு எறக்கிக் குடுக்கும். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு மாடுலேட்டர். எல்லாத்தையும் ஒரே கோ-ஆக்சியல் ஒயர்ல கலந்து விட்டா, போஸ்ட்டுக்குப் போஸ்ட் ஆம்ப்ளிஃபையர் தூக்கித் தூக்கிக் குடுக்கும். அந்த ஆம்ப்ளிஃபையருக்குக் கரண்ட் வேணும். அடுத்த தெருவுல கரண்ட் போச்சுன்னா நம்ம வீட்டுல கரண்ட் இருந்தும் கேபிள் இருக்காது. மேல் காட்டுக்காரன் மடையை அடைச்சா கீழ் காடு காயற கதைதான்.

வாய்க்கால்னு வந்தாலே 'முறை' வந்துரும் பாருங்க. பழைய டி.வி.யில 8, 12 சேனல்தான் வைக்க முடியும். கேபிள்ல அம்பது வரும். மொதப் பன்னண்டுக்குள்ள எதை விடறதுன்னு தீர்மானிக்கறவர் கையில ஊரோட கண்ணு இருக்குது. இதுல பொறந்த சொல்தான் 'கேரேஜ் ஃபீ'. நல்ல எடத்துல தன் சேனல் தெரியணும்னு சேனல்காரங்க கேபிள் கம்பெனிக்குப் பணம் குடுக்கறது. பாக்கறவரும் பணம் குடுக்கறாரு, காட்டறவரும் பணம் குடுக்கறாரு. நடுவுல மடை.

1995-ல கேபிள் டி.வி. சட்டம் வந்துச்சு. கேபிள்காரர் தலைமைத் தபால் நிலையத்துல பதிவு பண்ண வேண்டியிருந்துச்சு. (மறுபடியும் போஸ்டாபீஸ்!) அப்புறம் தெருக்காரர் கையில இருந்து பிடி மெதுவா நழுவுச்சு. பே சேனல் வந்து, ஒவ்வொண்ணுக்கும் காசு கட்டி வாங்கற தெம்பு சின்ன ஆளுக்கு இல்லாமப் போச்சு. பெரிய கம்பெனி சிக்னலை மொத்தமா வாங்கிக் குடுத்துச்சு. அதுக்குப் பேர் 'எம்.எஸ்.ஓ.'. சொந்த டிஷ்ஷைக் கழட்டிட்டு அவங்க ஒயரை வாங்கி வீட்டுக்குக் குடுக்கறவர் 'எல்.சி.ஓ.'. தமிழ்நாட்டுல எம்.எஸ்.ஓ.ன்னா சுமங்கலி கேபிள் விஷன் தான் மொதல்ல ஞாபகம் வரும். சேனலும் ஒரே குடும்பம், வாய்க்காலும் ஒரே குடும்பம்.

அந்தப் பிடியை ஒடைக்கறேன்னு வந்ததுதான் அரசு கேபிள். 2007 அக்டோபர் 4-ல கம்பெனியாப் பதிவாச்சு. 2008-ல தஞ்சாவூர், கோயமுத்தூர், வேலூர், திருநெல்வேலின்னு நாலு எடத்துல ஹெட்எண்ட். மாநிலத்துக்கே நாலு மடை, அதுல ஒண்ணு நம்மூருல. ஆனா மடை கட்டினாப் போதுமா, தண்ணி வேணுமே? முக்கியமான பே சேனல் கெடைக்காம அது படுத்துருச்சு. 2011 செப்டம்பர் 2-ல ஜெயலலிதா ஆட்சியில மறுபடியும் தொடங்கி, மாசம் 70 ரூபாய்க்குக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி, 2006 செப்டம்பர்ல கருணாநிதி ஆட்சியில இலவச கலர் டி.வி. தர ஆரம்பிச்சு ஒரு கோடி வீட்டுக்கு மேல போயிருச்சு. ஒரு ஆட்சி பெட்டி குடுத்துச்சு, இன்னொரு ஆட்சி ஒயர் குடுத்துச்சு. டி.வி.ங்கறது இங்க தண்ணி, கரண்ட் மாதிரி அரசாங்க விசயம் ஆனது இப்படித்தான்.

செட்டாப் பாக்ஸ் - சொட்டுநீர் காலம்

அனலாக் ஒயர்ல ஒரு சேனலுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் எடம் வேணும். எழுபது, எண்பது சேனலோட ஒயர் நிரம்பிரும். டிஜிட்டல்ல சுருக்கினா அதே எடத்துல பத்துக்கு மேல அடைக்கலாம். செட்டாப் பாக்ஸுக்கு இது நியாயமான காரணம். இன்னொரு காரணம் பூட்டு. 'கேஸ்', அதாவது அனுமதி இருந்தாத்தான் படம்ங்கற முறை. 2003 செப்டம்பர் 1-ல அது சென்னையில அமலுக்கு வந்துச்சு. 2011 சட்டத் திருத்தம் நாடு பூரா டிஜிட்டல்னுச்சு. ரெண்டாம் கட்டத்துல 38 நகரம், கெடு 2013 மார்ச் 31. அந்தப் பட்டியல்ல கோயமுத்தூரும் உண்டு. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் லைசென்ஸ் கெடைச்சது 2017 ஏப்ரல்ல தான். அந்த வருசம் செப்டம்பர்ல எடப்பாடி பழனிசாமி பெட்டி வழங்கறதைத் தொடங்கி வச்சாரு.

பூட்டு எப்படி வேலை செய்யுது? எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் வருது, ஆனா கலைச்சுப் போட்டு வருது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர். 'இந்த நம்பருக்கு இந்தச் சேனல் உண்டு'ன்னு ஹெட்எண்ட்ல இருந்து சேதி வந்தாத்தான் பெட்டி அதைச் சேத்துக் காட்டும். எங்க பக்கத் தென்னந்தோப்புல சொட்டுநீர் போட்டவங்களுக்கு உடனே புரியும். ஒவ்வொரு மரத்துக்கும் தனி சொட்டுவான், ஆனா வால்வு மோட்டார் ரூம்ல. வீணாகாது, அளவாப் போகும், கணக்கு சுத்தமா இருக்கும். ஆனா வால்வை மூடினா ஒரு மரத்துக்கும் கிடையாது.

2022 நவம்பர்ல அதுதான் நடந்துச்சு. அரசு கேபிள் பெட்டிகளோட மென்பொருள்ல வந்த பிரச்சினையில மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான வீட்டுல திரை இருண்டுச்சு. ஒயர் அறுபடல, கரண்ட் போகல, பெட்டி கெடல. கூரை மேல ஏறித் திருப்ப ஒண்ணும் இல்ல. திட்டு வாங்கினது என்னமோ தெருவுல சைக்கிள்ல வர்ற எல்.சி.ஓ. அவர் கையில வால்வே கிடையாது. 1993-ல கடன் வாங்கி டிஷ் வச்ச மனுசன், இருபத்தஞ்சு வருசத்துல வசூல்காரர் ஆயிட்டாரு. 2019 பிப்ரவரியில புது விலை முறை வந்து 153 ரூபாய் 40 காசு, அதுக்கு மேல சேனலுக்கு இவ்வளவுன்னு ஆனப்பவும் வீட்டு வாசல்ல நின்னு வெளக்கம் சொன்னது அவருதான்.

டி.டி.எச். மட்டும் என்ன? 2010 ஜூலையில இன்சாட்-4பி-யில மின்சக்திக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர் நின்னு போச்சு. சன் டைரக்ட் மலேசியாவோட மீசாட்-3-க்கு மாறுச்சு. 93.5 டிகிரியில இருந்து 91.5 டிகிரிக்கு. வானத்துல ரெண்டே டிகிரி, தரையில கூரை கூரையா ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதாப் போச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் "வந்துருச்சுங்களா?" சத்தம் ஊருக்குள்ள கேட்டுச்சு.

மிச்சம் இருக்கற விதைப்பு

தூர்தர்ஷனோட தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள், எல்லைப் பக்கம் மாதிரி சில எடம் தவிர, 2022-க்குள்ள நிறுத்தியாச்சு. பழனியைப் பாத்து நின்ன குச்சிங்க பாதி பழைய இரும்புக்குப் போச்சு, பாதி கொடிக்கம்பி ஆச்சு. இன்னைக்கு வீசி விதைக்கற முறை மிச்சம் இருக்கறது தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ்ல. 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் பிளஸ்னு தொடங்கினது. மாசக் கட்டணம் இல்ல. ஒரு தடவை டிஷ் வாங்கினாச் சரி.

சொட்டுநீர் கெட்டதுன்னு நான் சொல்ல வரல. எங்க காட்டுலயே அதான். விதைப்புல வீணாப் போறது நெறைய, எங்களுக்கு வந்ததும் பாதி நாள் புள்ளிதான். ஆனா ஒண்ணு. ஆன்டெனா காலத்துல மழையோ காத்தோ பூமி வளைவோ படத்தைக் கெடுத்துச்சு, அதைச் சரி பண்ண ஒரு ஆளும் ஒரு கூரையும் போதும். இப்ப படம் அருமையா இருக்கு, அது நிக்கறதுக்குக் காரணம் நமக்குத் தெரியாத ஒரு ரூம்ல இருக்கு. எந்த ஆட்சி வந்தாலும், எந்தக் கம்பெனி வந்தாலும் மொதல்ல அந்த ரூம் சாவியைத்தான் தேடறாங்க. அடுத்த சொல் 'ஆப்'போ வேற எதுவோ, அதுலயும் வால்வு யார் கையிலன்னு ஒரு தடவை கேட்டு வச்சுக்கறது நல்லதுங்க.

உங்க ஊருல ஆன்டெனா எந்த மலையைப் பாத்து நின்னுச்சு? நிழலுக்கும் புள்ளிக்கும் என்ன பேர் வச்சிருந்தீங்க? எழுதுங்க, இந்த அகராதியில சேத்துருவோம்.